வாசலில் அவிழ்த்த வண்டி

என் மகள் கல்யாணத்துக்கு என் மூத்தார்தான் வண்டி கட்டிக் கொடுத்து, ஊர் ஊராய்ப் போய்ப் பாக்கு வைத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார் என்று இப்போது எங்கள் வீட்டில் ஒரு கதை நடக்கிறது. அவருடைய பேரன்மார் சொல்கிறார்கள். பெரிய மனசுக்காரராம், தம்பி பெண்டாட்டியைக் கௌரவமாக நடத்தினாராம். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். எழுத்துக் கூட்டி ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் களி கிண்டி இறக்கிவிடலாம். இருந்தால் என்ன? பொய்யை அவர்கள் கடகடவென்று சொல்லும்போது நிஜத்தை நான் மெதுவாகவாவது சொல்ல வேண்டாமா?

அது யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. எனக்கென்று கொஞ்சம் மேட்டுக்காடு, ஒரு கிணறு, ஒரு செவலை, ஒரு மயிலை. இரண்டும் ஆலம்பாடி மாடுகள். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்க ஆள் கூப்பிட்டால், தாலி அறுத்தவள் காட்டுக்கு நாளை வருகிறேன், மறுநாள் வருகிறேன் என்று இழுத்தார்கள். ஒருநாள் நானே வடத்தின்மேல் உட்கார்ந்து மாட்டை இறக்கத்தில் ஓட்டினேன். ஊர் பார்த்தது. பார்த்துவிட்டுப் போயிற்று. அந்த வருஷம் என் கேழ்வரகு காயவில்லை.

மூத்தார் என்றால் புருஷனுக்கு அண்ணன். எங்கள் சனத்தில் மூத்தார் எதிரே பெண் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. பேச வேண்டியது இருந்தால் நடுவில் யாராவது வேண்டும். யாரும் இல்லையென்றால் கோழியைப் பார்த்தோ உலக்கையைப் பார்த்தோ சொல்ல வேண்டும், அவர் காதில் விழ வேண்டும். எங்களுக்கு நடுவில் இருந்தவள் என் நங்கை. புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவள் மூத்தாருக்கும் அக்காதான். வாயில் எந்நேரமும் புகையிலை. அவளுக்குப் பயப்படாத ஆள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். நானும் கொஞ்சம் பயப்படுவேன்.

என் மகளை என் அண்ணன் மகனுக்குக் கொடுப்பதென்று நான் முடிவு செய்திருந்தேன். முறைப் பையன்தான், அவளுக்கும் இஷ்டம். கேட்டுத்தான் செய்தேன். கேட்டதற்கே ஊர் சிரித்தது. மூத்தாருக்கு வேறு எண்ணம் இருந்தது. அவர் மச்சான் ஒருவன், பெண்டாட்டி செத்தவன், காதோரம் நரைத்தவன். அவனுக்கு என் மகளைக் கட்டிவிட்டால் கிணறும் காடும் கைக்குள்ளேயே நிற்கும் என்று கணக்கு.

ஒருநாள் வந்து என் களத்தில் நின்று, வைக்கோல் போரைப் பார்த்துப் பேசினார். நான் கதவுக்குப் பின்னால். நங்கை இரண்டுக்கும் நடுவில்.

"அக்கா, அவகிட்ட சொல்லு. கல்யாணம்னா பங்காளிங்க வூட்டுக்கெல்லாம் பாக்கு வெக்கணும். தாலி அறுத்தவ நீட்டற பாக்க எவன் வாங்குவான்? நாந்தான் வெக்கணும். நான் வெக்கறதா இருந்தா மாப்பளயும் நான் சொல்ற மாப்பளதான்."

"நங்கை, நானே போய் வெக்கறன்னு சொல்லுங்க."

"அவ கையாலயா? கேளு அக்கா, இவ கையால பாக்கு வெக்கறாளாம்! பொம்மிடியிலயும் பாப்பிரெட்டிப்பட்டியிலயும் வாசப்படி ஏத்தமாட்டாங்க. பென்னாகரத்துப் பெரியவரு இருக்காரே, அவரு மூஞ்சி குடுப்பாரா?"

"ஏத்துக்கிட்டா?" என்றாள் நங்கை.

"ஏத்துக்கிட்டா அவ சொன்ன எடத்துலயே பண்ணட்டும். வாழமரம் நானே நட்டுக் கட்டறன். ஏத்துக்கலீன்னா எம்மச்சானுக்குத்தான் பொண்ணு. அப்பறம் கண்ணக் கசக்கக் கூடாது."

"செரின்னு சொல்லுங்க நங்கை."

நங்கை புகையிலையைத் துப்பினாள். "நான் என்ன ரெண்டு பேருக்கும் தபால் பொட்டியா? ஆளுக்கொரு பக்கம் போடறீங்க."

"நீயும் கூடப் போ அக்கா. நடந்தத நடந்தபடி வந்து சொல்லு." சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். நங்கையை அனுப்பியது காவலுக்கு. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

சித்திரை மாதம். காட்டில் வேலை இல்லை, கிணற்றில் அடியில் கொஞ்சம் தண்ணீர். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டேன். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி, பாக்கு, மஞ்சள் எல்லாம் பித்தளைத் தட்டில் வைத்துக் கட்டினேன். கூண்டு வண்டிக்கு மசகு போட்டு, மாட்டைப் பூட்டி நிறுத்தினேன். ஓட்டுவதாகச் சொல்லியிருந்த ஆள் வரவில்லை. வயிற்று வலியாம். அந்த வயிற்று வலிக்கு யார் மருந்து கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா?

நான் முன்னால் ஏறி உட்கார்ந்து கயிற்றைக் கையில் எடுத்தேன். நங்கை வண்டிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

"எறங்கு புள்ள. பொம்பள முன்னால குந்துனா நொகம் முறியும்பாங்க."

"கவல ஓட்டறப்ப முறியாத நொகம் ரோட்டுல போனா முறியுமா? ஏறுங்க."

"ஊரு சிரிக்கும்."

"நல்லா சிரிக்கட்டும். பஞ்ச காலத்துல ஊருக்கு வேற என்ன இருக்குது?"

முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். ஏறியவள் கூண்டுக்குள் படுதாவை இழுத்து விட்டுக்கொண்டாள். கடத்தூர் எல்லை வரைக்கும் அவள் தலை வெளியே தெரியவில்லை.

நான் மெதுவாகத்தான் போனேன். அவசரமாகப் போனால் ஏதோ தப்புப் பண்ணிவிட்டு ஓடுகிறாள் என்பார்கள். கடத்தூர்ச் சந்தை அன்றைக்கு. நடுச் சந்தை வழியாகவே விட்டேன். வெள்ளைச் சேலைக்காரி வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்று தராசு பிடித்தவன் தராசைப் பிடித்தபடியே நின்றான். ஒரு பருத்திக்கொட்டைக் கடைக்காரர் மட்டும் வாய் திறந்தார்.

"ஏனுங்கம்மா, ஆம்பளைங்க யாரும் வர்லீங்களா?"

"வந்திருக்காங்களே. ரெண்டு பேரும் முன்னால நடக்கறாங்க பாருங்க."

கடை சிரித்தது. கூண்டுக்குள் இருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. உடனே இருமலாக மாறிப் போயிற்று.

பொம்மிடியில் ரயில் கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. செவலை மிரண்டு பின்னால் தள்ளியது. இறங்கி இரண்டின் நெற்றியிலும் கை வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் நங்கை படுதாவை விலக்கிவிட்டு ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவிலேயே கல்யாணமாகிப் போனவள், அதற்குப் பிறகு எந்த ஊரையும் பார்த்ததில்லை. "இத்தன பொட்டியும் எங்க போவுது புள்ள?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. படுதாவை அவள் அப்புறம் மூடவே இல்லை.

பொம்மிடிப் பங்காளி வீடு ரயில் கேட்டைத் தாண்டி, மாந்தோப்போடு இருந்தது. எனக்கு மாமனார் முறை. தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், நங்கையைப் பார்த்தார்.

"தட்ட அப்படிக் கீழ வெச்சிரும்மா. உன் நங்கை எடுத்துக் குடுக்கட்டும். தப்பா நெனச்சுக்காத."

"என் கையாலதான் குடுக்கணும்னு பேச்சுங்க மாமா."

"அப்படியா" என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கண் வாசலுக்குப் போயிற்று. "அடடா, மாடு நாக்கத் தள்ளிக்கிட்டு நிக்குதே!" என்று எழுந்து போனார். நல்ல குடியானவர். அவரே வாளியை எடுத்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றி, தவிட்டைக் கரைத்து, இரண்டு மாட்டுக்கும் காட்டினார். செவலை மூக்கு முங்கக் குடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் என் புத்தியில் பட்டது.

எங்கள் பக்கம் ஒரு பழைய வழக்கம் உண்டு. பங்காளிகளுக்குள் பகை என்றால் முதலில் நிற்பது சோறு இல்லை, பேச்சும் இல்லை. மாட்டுத் தொட்டி. "அவன் எனக்குத் தண்ணி மறிச்சவன்" என்று சொன்னால் அப்புறம் நல்லது கெட்டது எதுவும் கிடையாது. மறுபடி ஒன்று சேர வேண்டும் என்றால், ஒருத்தன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் அடுத்தவன் தொட்டியில் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். குடித்துவிட்டால் முடிந்தது. நல்ல காரியத்துக்கு வந்த வண்டியின் மாடு ஒரு வீட்டுத் தொட்டியில் வாய் வைத்துவிட்டால் அந்த வீட்டார் பந்தலுக்கு வந்தாக வேண்டும். பாக்கு பிறகு வந்த மரியாதை. தண்ணீர்தான் முதல் பேச்சு. வானம் பார்த்த பூமியில் வேறு எப்படி இருக்கும்?

நான் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடினேன். "தண்ணி காட்டிட்டீங்க மாமா. வைகாசியில கல்யாணம். குடும்பத்தோட வந்திருங்க" என்றேன்.

வாளியோடு நின்றவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு மீசைக்குள் சிரித்தார். "அட, அப்படி வர்றியா? காட்டினது காட்டினதுதான். வர்றம் போ" என்றார். வண்டியில் ஒரு கூடை மாங்காயும் ஏறியது.

நங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. பாப்பிரெட்டிப்பட்டி போகிற வழியெல்லாம் சண்டை.

"அந்தாளு பாக்கு வாங்கலியே?"

"தண்ணி காட்டினாரில்ல?"

"அது மாட்டுக்குக் காட்டினது."

"மாடு யாருது?"

"உன் வாய்க்கு வக்கீல்தான் செரி. எந்தம்பி சொன்னது பாக்கு."

"உங்க தம்பி சொன்னது 'ஏத்துக்கிட்டா'ன்னு. நீங்கதான் நடுவுல நின்னு கேட்டீங்க. தொட்டிய விட்டவங்க ஏத்துக்கலீன்னு நீங்க சொல்லுங்க பாக்கலாம்."

நங்கை மாங்காயைக் கடித்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் சாமையும் தேனும் கடுக்காயும் பரப்பியிருந்தார்கள். நான் சாமை வாங்கும்போது மலைக்காரி ஒருத்தி வண்டியில் இருந்த தட்டைப் பார்த்தாள். "வெத்தல வாடாம வெச்சிருக்கியே, ஒண்ணு குடு" என்று கை நீட்டினாள். கொடுத்தேன். வாயில் போட்டு மென்றுகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புருசன் செத்துட்டானா?"

"ஆமா."

"வேற கட்டிக்கலியா?"

"எங்க சனத்துல கட்டமாட்டாங்க."

"எங்க மலையில கட்டிக்குவம். உங்க சனத்துக்கு என்ன கேடு?" என்றாள். நங்கைக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் என் கையிலிருந்து முதலில் வெற்றிலை வாங்கியவள் அவள்தான். அவளை எந்தப் பந்தலுக்கும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பாப்பிரெட்டிப்பட்டிப் பங்காளி வீட்டிலும் அதே கதை. கை நீளவில்லை. தண்ணீர் வந்தது. நான் மாட்டின் வாயைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பினேன்.

அங்கிருந்து தர்மபுரி, தர்மபுரியிலிருந்து பென்னாகரம். மாட்டுக்கு நோகாமல் போனோம். காலையில் வண்டி நடக்கும், வெயில் ஏறினால் ரோட்டோரப் புளியமரத்தடியில் அவிழ்த்துவிடுவோம். நங்கை மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைப்பாள். மாங்காயை அம்மி இல்லாமல் கல்லிலேயே நசுக்கி, பச்சை மிளகாய் வைத்து, களிக்குத் தொட்டுக்கொள்வோம். நுங்கு விற்றால் நுங்கு. வழியில் ஒரு மோர்க்காரி தெலுங்கில் விலை சொல்ல, நங்கை தமிழில் பேரம் பேச, இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் புரியாமலே ஒத்துப் போனார்கள். எனக்கு அவசரமே இல்லை. வீட்டில் எழுந்தது முதல் யாருக்காவது ஓடிக்கொண்டிருந்த கால். வண்டியின் முன்னால் தொங்கிக்கொண்டு ஆடியது. ரோடு என்பது இவ்வளவு நீளமா, இதையெல்லாம் ஆண்பிள்ளைகளே வைத்துக்கொண்டிருந்தார்களா என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் மரத்தடியில் படுத்துக்கொண்டு நங்கை சொன்னாள். "என்னயும் ரெண்டாந்தாரமாத்தான் குடுத்தாங்க புள்ள. நான் பாவாடையில ஓடி வெளையாடிக்கிட்டிருந்தன். அந்தாளுக்கு அப்பவே காதோரம் நரச்சிருந்திச்சி."

நான் முந்தானையால் அவளுக்கு விசிறினேன்.

"கெழம் இன்னிக்கும் குத்துக்கல்லாட்டம் இருக்குது. அதனாலதான உன் தட்ட என் கையில குடுங்கறாங்க. எனக்கு என்ன பெரும இதுல?" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள், பென்னாகரம் ரோட்டில், கரி பஸ் ஒன்று ஏற்றத்தில் நின்றுபோயிருந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு அடுப்பு வைத்து, கரி போட்டு ஊதி ஊதி ஓட்டுவார்கள். ஏற்றம் வந்தால் சனம் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டிருந்த கூட்டத்தில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரியோடு நின்றவர் என் மூத்தார்.

எங்களுக்கு முன்னால் பென்னாகரம் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார். பொம்மிடிச் சேதி அவருக்குப் போய்விட்டது. நான் வண்டியை நிறுத்தினேன். நேரே பேசக் கூடாதே. செவலையைப் பார்த்துச் சொன்னேன்.

"செவலை, பெரியவரு வெயில்ல நிக்கறாரு. வண்டியில எடம் இருக்குதுன்னு சொல்லு."

பஸ் தள்ளியவர்கள் தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூத்தார் பஸ்ஸின் தகரத்தைப் பார்த்துச் சொன்னார். "பொம்பள ஓட்டற வண்டியில ஏர்றத விட நடந்தே போவன்."

"நடடா நடடா," என்றாள் நங்கை கூண்டுக்குள் இருந்து. "கால் நல்லதுதான் உனக்கு. பென்னாகரத்துக்கு முன்னாடியே சொல்லி அனுப்பிட்டியா, இல்ல இனிமேத்தானா?"

அவர் பதில் சொல்லவில்லை. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. சொல்லி அனுப்பியாகிவிட்டது. நான் கயிற்றைத் தட்டினேன். மயிலை நடந்தது.

பென்னாகரத்துப் பெரியவர் எங்கள் பங்காளிகளுக்கு மூத்த தலைக்கட்டு. அவர் சரி என்றால் எல்லாரும் சரி. அவர் முகம் திருப்பினால் பொம்மிடி மாமாவும் வைகாசியில் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வார். மாட்டுக்குப் பேர்போன வீடு. காவேரிக் காட்டோரம் மேய்கிற ஆலம்பாடி மாட்டுப் பட்டி வைத்திருந்தார். என் செவலையும் மயிலையும் அந்தப் பட்டியில் பிறந்தவைதான். கன்றாக இருக்கும்போது என் வீட்டுக்காரர் அங்கிருந்துதான் ஓட்டி வந்தார்.

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். காலையிலிருந்து மாட்டுக்கு நான் தண்ணீர் காட்டவில்லை. வழியில் குட்டை ஒன்று கண்ணில் பட்டது. மயிலை இழுத்தது. நான் விடவில்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பெரியவர் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நன்றாகத்தான் பேசினார்.

"வாம்மா, வா. வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள போய் மோரு குடிங்க."

"பாக்கு கொண்டாந்திருக்கனுங்க மாமா."

"உன் நங்கை கையால குடுக்கச் சொல்லு, வாங்கிக்கறன்."

"என் கையாலதானுங்க. இல்லீன்னா மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க, அது போதும்."

அவர் மீசையைத் தடவினார். "தண்ணியா? கெணறு வத்திக் கெடக்குதும்மா. சொட்டுத் தண்ணி இல்ல."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, வீட்டுக்குப் பின்னால் கிணற்று ராட்டினம் கிறீச்சென்றது. பக்கத்துக் கல்தொட்டி விளிம்பில் ஒரு காக்கை உட்கார்ந்து மூக்கை நனைத்துக்கொண்டிருந்தது.

"காக்காய்க்கு மட்டும் ஊறுதாட்டங்குது பெரியப்பா," என்றாள் நங்கை.

நான் இறங்கினேன். நுகத்தடியைத் தூக்கி, பூட்டாங்கயிற்றை அவிழ்த்து, வண்டியை அவர் வாசலுக்கு நேர் எதிரே சாய்த்து விட்டேன். இரண்டு மாட்டையும் சக்கரத்தில் கட்டினேன்.

"என்னம்மா பண்ற?"

"கெணத்துல தண்ணி ஊறட்டுங்க. ஊறற வரைக்கும் இருக்கன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். நிழலுக்குப் போகவில்லை. உள்ளேயிருந்து ஒரு மருமகப் பெண் நங்கைக்கு மட்டும் செம்பில் மோர் கொண்டு வந்தாள். நங்கைக்கு நாக்கு வறண்டு உதடு வெடித்திருந்தது. செம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தரையில், என் பக்கத்தில், வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மாடு குடிக்கட்டும். அப்பறம் நான் குடிக்கறன்."

அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிற்று. வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் ஆள் சேர ஆரம்பித்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே பேசிக்கொண்டார்கள். "ஆலம்பாடிப் பட்டிக்காரரு வாசல்ல மாடு தாகத்துல நிக்குதாம்." பெரியவர் கட்டிலில் இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். அப்போது செவலை தலையைத் தூக்கி முகர்ந்தது. தான் பிறந்த கொட்டகையின் வாசனை அதற்கு அடித்திருக்க வேண்டும். ஒரு சத்தம் கொடுத்தது. அது மாடு கத்துகிற சத்தம் இல்லை. கன்று ஆத்தாளைக் கூப்பிடுகிற சத்தம்.

கதவு திறந்தது. பெரியவரின் வீட்டுக்காரி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பெரியவர் குறுக்கே கையை நீட்டினார்.

"இவளே, நான் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல. ஆத்தாக்காரி செத்தப்ப இது ரெண்டுக்கும் துணிய நனச்சு வாயில பால் விட்டவ நானு. நீங்க சனத்தப் பாருங்க. எம்புள்ளைங்க நாக்கு வறண்டு நிக்கறப்ப நான் அடுப்பாண்ட குந்தியிருக்கணுமா? கைய எடுங்க."

கை விலகியது. குடத்தைச் செவலையின் வாயருகே சாய்த்தாள். பிறகு இன்னொரு குடம், இன்னொன்று. மருமகள்களும் வந்தார்கள். மாடு குடித்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அத்தை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"குடு புள்ள."

"என்னதுங்க அத்தை?"

"பாக்குதான். அதுக்குத்தான வந்த?"

"என் கையாலயாங்க?"

"பின்ன, மாட்டுக் கையாலயா?"

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாப்பிரெட்டிப்பட்டியிலும் பொம்மிடியிலும் கிடைக்காதது அந்த வாசலில் கிடைத்தது. பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டு, எல்லாம் தன் யோசனைதான் என்பது போல, "வைகாசியில என்னிக்கி?" என்றார்.

நங்கை மோர்ச் செம்பை வாங்கி மடமடவென்று குடித்தாள். குடித்து முடிக்கும்போது தெருக்கோடியில் மூத்தார் வந்துகொண்டிருந்தார். நடந்தே வந்திருந்தார். புழுதியும் கரியும் சேர்ந்து அவரை அடையாளமே தெரியவில்லை. மாடுகளின் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார். அத்தையின் மடியில் வெற்றிலையைப் பார்த்தார்.

"நடந்தத நடந்தபடி சொல்லட்டுமாடா?" என்றாள் நங்கை.

அவர் துண்டால் முகத்துப் புழுதியைத் துடைத்தார். பெரியவர்தான் பேசினார். "கரி பஸ்ஸ நம்பாத. இவங்க வண்டியிலயே போயிரு." பெரியவர் சொல்லைத் தட்ட முடியாதே. ஏறினார். கூண்டுக்குள் ஒரு மூலையில் சுருண்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது நான் இன்னும் மெதுவாக ஓட்டினேன். தர்மபுரியில் கடைவீதி வழியாக விட்டேன். சுற்றுவழி இருந்தது. போகவில்லை. புளியமரத்தடியில் நின்று நின்று, களி கிண்டி, நுங்கு தின்று, மாட்டை நன்றாகக் காற்றாட விட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு ஊர் வரும்போதும் நங்கை, "துண்ட எடுத்துட்டு ஊரப் பாருடா, நல்லா இருக்குது" என்பாள். கடத்தூரில் அந்தப் பருத்திக்கொட்டைக் கடைக்காரர், "உள்ள யாருங்கம்மா?" என்று கேட்டார். "ஆம்பள யாரும் வர்லியான்னு கேட்டீங்களே, கூட்டியாந்திருக்கன்" என்றேன்.

ஊரில் முதலில் வருவது மூத்தார் வீடு. பாகம் பிரிந்தபின் அவர் தனியாக இருந்தார். வண்டியை அவர் வாசலில் நிறுத்தினேன். இறங்கினார். எவ்வளவு கோபம் இருந்தாலும் குடியானவன் குடியானவன்தான். மாடு வாயில் நுரையோடு நிற்பதைப் பார்த்தார். கை தன்னால் வாளிக்குப் போயிற்று. கிணற்றிலிருந்து சேந்தி, தன் தொட்டியில் ஊற்றி, தவிடு போட்டு, "ஹோ, ஹோ" என்று தட்டிக் கொடுத்துக் குடிக்க வைத்தார். இரண்டு வாளி. மூன்றாவது வாளியைச் சேந்தும்போதுதான் அவருக்கு உறைத்தது. வாளி பாதியில் நின்றது.

நங்கை வாயில் கையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். தட்டை எடுத்தேன். அவர் எதிரே போய் நின்றேன். கல்யாணமாகி அந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. நங்கையைப் பார்த்துச் சொல்லவில்லை, மாட்டைப் பார்த்தும் சொல்லவில்லை.

"வைகாசியில எம்மக கல்யாணமுங்க. குடும்பத்தோட வந்திருங்க" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். வாங்கிக்கொண்டார்.

வாழை மரம் அவர்தான் நட்டுக் கட்டினார். பேச்சு மாறவில்லை, குலை தள்ளின மரமாகப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்து கட்டினார். அது நிஜம். பேரன்மார் கதையில் அதை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். வண்டி கட்டியது நான்.